கடலில் இறக்குமுன் ஃபைபர் படகில் கசிவு பார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பலகை வள்ளம் முதல் நாள் ஒழுகினால் யாரும் பதறுவதில்லை. வெயிலில் காய்ந்து சுருங்கிய பலகை தண்ணீரில் கிடந்தால் ஊதும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே கலப்பத்து அடித்த பஞ்சும் ஊறிப் பருக்கும். இரண்டு மூன்று நாளில் ஒழுக்கு தானாகவே அடங்கிவிடும். 'ஊறினா அடைஞ்சிடும்' என்பது பலகைக்குச் சரி. ஃபைபருக்கு அதே கணக்கைப் போட்டால் ஆபத்து. கண்ணாடி இழையும் அதை இறுக்கிப் பிடிக்கும் ரெசின் பசையும் ஊதி ஓட்டையை மூடுவதில்லை. இன்று மயிரிழையாக இருக்கும் விரிசல், அலை அடிக்க அடிக்க நீளத்தான் செய்யும்.

சோழமண்டலக் கரையில் கட்டுமரம் ஓட்டியவர்களுக்கு இந்தச் சோதனையே தேவைப்பட்டதில்லை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மரத்தின் இடுக்கில் தண்ணீர் ஏறி இறங்குவதுதான் அதன் இயல்பு. நிரம்பி மூழ்க அதற்குள் குழி கிடையாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையெங்கும் ஃபைபர் படகு நிறைந்தது. படகு மாறிய வேகத்தில் கசிவு பார்க்கும் பழக்கம் வந்து சேரவில்லை. 28 முதல் 32 அடி வரை நீளமுள்ள, மணலில் ஏற்றி இறக்கும் ஃபைபர் படகுகளை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் கரையில் கிடந்த படகை மறுபடி இறக்கும்போது இதை முழுதாகச் செய்ய வேண்டும். எதிலாவது மோதினாலோ, டிராக்டரில் இழுக்கும்போது கல்லில் உரசினாலோ, உடனே அந்த இடத்துக்கு மட்டும் செய்தால் போதும்.

ஓட்டை எவ்வளவு தண்ணீர் விடும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 12 மி.மீ. துளை ஒன்று இருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர் உள்ளே வரும். பிளக் போட மறந்த 25 மி.மீ. வடிகால் துளை என்றால் நிமிடத்துக்கு 43 லிட்டர், அதாவது மூன்று வாளி. இந்த மாதிரி ஓட்டை கண்ணுக்குத் தெரியும், ஆள் பதறி அடைத்துவிடுவார். மோசமானது மணிக்கு 100 மி.லி. மட்டும் விடும் கசிவு. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் படகு கடலில் இருந்தால் மாதம் 20 லிட்டர். அது மூடிய மிதவைப் பெட்டிக்குள் சேர்ந்தால், ஆறு மாதத்தில் 120 கிலோ. இரண்டு ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டு போவது போல. படகு 'கனமாயிருச்சு', டீசல் கூடக் குடிக்கிறது என்று சொல்வார்கள், காரணம் தெரியாது.

படகை நிறுத்தும் விதம்

அடிப்பகுதியை முழுக்கப் பார்க்க, படகு தரையிலிருந்து குறைந்தது இரண்டடி உயரத்தில் நிற்க வேண்டும். பழைய லாரி டயர், மணல் மூட்டை, தென்னங்கட்டை எது வைத்தாலும் சரி. தாங்கல் ஏராவுக்கு (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு) நேர் கீழேயும், உள்ளே குறுக்குத் தடுப்பு இருக்கும் இடத்துக்கு நேர் கீழேயும் வர வேண்டும். தடுப்பு இல்லாத வெற்று அடிப்பாகத்தில் கட்டையை முட்டுக்கொடுத்தால், சோதனை செய்யப்போய் நாமே விரிசல் உண்டாக்கிவிடுவோம். இரண்டு பக்கமும் சாயாமல் முட்டுக்கழி கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் அடியில் படுக்கக் கூடாது. மணலில் ஜாக்கி சறுக்கும்.

அணியம் (முன்பக்கம்) அமரத்தை (பின்பக்கத்தை) விட ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் பின்னால் வடிந்து வந்துவிடும்.

என்ஜின், டீசல் கேன், வலை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பாதி சாமானை வைத்துக்கொண்டு பார்த்தால், கசிவு கண்டிப்பாக அந்தச் சாமானுக்கு அடியில்தான் இருக்கும்.

முதல் வடிகால்: தண்ணீரே சொல்லும் செய்தி

பிளக்கைக் கழற்றும்போது கீழே வாளி வையுங்கள். வருவதை மணலில் விட்டுவிடாதீர்கள். எத்தனை லிட்டர், என்ன நிறம், டீசல் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். நுனிவிரலால் தொட்டு, டீசல் வாடை இல்லையென்றால் மட்டும், நாக்கில் வையுங்கள். கடல்நீர் போலவே கடுமையாகக் கரித்தால் அடியிலிருந்து வந்தது. லேசாகக் கரித்தால் மேல்தளத்தின் இணைப்பு வழியாக இறங்கிய மழைநீர், உள்ளே காய்ந்து கிடந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வந்திருக்கலாம். இது முடிவான சோதனை அல்ல. அடியில் தேடுவதா மேலே தேடுவதா என்று திசை காட்டும், அவ்வளவே.

பிளக்கையும் அப்போதே பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மரை உள்ள பிளக் என்றால், மரையில் மணல் கடித்துத் தேய்ந்திருக்கும். பிளக் உட்காரும் குழல், பின்பலகையோடு (அமரத்தில் என்ஜின் மாட்டும் சுவரோடு) சேரும் விளிம்பைச் சுற்றி நகத்தால் ஒருமுறை கீறிப் பாருங்கள். 'பிளக் ஒழுகுது' என்று சொல்லப்படும் பல கசிவுகள் பிளக்கில் இல்லை, அந்த விளிம்பில்தான். துணி சுற்றிய மரக்கட்டையை அடித்து இறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் அந்த விளிம்பை இன்னும் கொஞ்சம் பிளக்கிறது.

கழுவி, காயவைத்து, கண்ணால் பார்ப்பது

ஒட்டிய கொட்டலசை (அடியில் பிடிக்கும் ஓட்டுயிரியை) மரச் சட்டத்தாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ சுரண்டுங்கள். இரும்பு உளி ஜெல்கோட்டையும் சேர்த்துப் பெயர்க்கும். ஜெல்கோட் என்பது அரை மி.மீ. தடிமன் உள்ள வெளிப்பூச்சுதான், ஆனால் தண்ணீரை முதலில் தடுப்பது அதுவே. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரமான படகில் எல்லா இடமும் கசிவு போலவே தெரியும்.

பார்க்கும் நேரம் காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம். சாய்வெளிச்சத்தில்தான் மேடு பள்ளமும் விரிசலும் நிழல் காட்டும். உச்சி வெயிலில் வெள்ளைப் படகைப் பார்த்தால் கண் கூசுவது ஒன்றுதான் மிச்சம்.

ஏராவில் தொடங்குங்கள். மணலில் இழுபடும் படகில் முதலில் தேய்வது அதுதான். ஜெல்கோட் போய், உள்ளே மேட்டின் (கண்ணாடி இழை விரிப்பின்) இழை வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால், அந்த இடம் பஞ்சு போலத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஏராவின் முன்முனை வளைந்து மேலே ஏறும் இடமும், பின்முனை பின்பலகையோடு சேரும் மூலையும் அதிகம் அடிவாங்கும். தேயாமல் இருக்க அடியில் பட்டை திருகியிருந்தால் ஒவ்வொரு திருகும் ஒரு ஓட்டை. திருகைச் சுற்றித் துருக்கறை வழிந்திருந்தால் அங்கே தண்ணீர் போய்வருகிறது.

பிறகு அணியத்தில் இழுவைக் கயிறு மாட்டும் வளையம். டிராக்டர் ஒரு பக்கமாக வெடுக்கென்று இழுக்கும்போது வளையத்தின் போல்ட் துளை முட்டை வடிவமாகிவிடும். வளையத்தைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். துளிகூட அசையக் கூடாது.

விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. நடுப்புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலப் பிரிந்தால் அது மோதிய இடம். உள்பக்கம் அதே இடத்தில் மேட் வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே குறுக்குச் சட்டம் ஓடும் கோட்டை ஒட்டி வரிவரியாக விரிசல் வந்தால், படகு அந்த இடத்தில் வளைகிறது. மேலே எத்தனை முறை பூசினாலும் திரும்ப வரும், உள்ளிருந்து பலப்படுத்தாமல் தீராது. ஒழுங்கில்லாமல் பரவிய மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் ஜெல்கோட்டைத் தடிமனாகப் பூசிய குறை.

எது ஆழமானது என்று தெரிய ஒரு எளிய வழி. துணியில் அசிட்டோன் தொட்டு அந்த இடத்தைத் துடையுங்கள். மேற்பரப்பில் இருப்பது சில நொடியில் ஆவியாகிவிடும். விரிசலுக்குள் இறங்கியது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கறுத்த கோடாக நிற்கும். கோடு மறையுமுன் இரண்டு முனையையும் மார்க்கரால் குறியுங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது.

கொப்புளம் போல ஜெல்கோட் உப்பியிருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஊசியால் குத்துங்கள். உள்ளிருந்து பிசுபிசுப்பான, புளித்த காடி வாடை அடிக்கும் நீர் பீறிட்டால், தண்ணீர் மேட்டுக்குள் இறங்கி ரெசினைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மூன்று கொப்புளம் என்றால் திறந்து காயவைத்துப் பூசலாம். அடிப்பாகம் முழுக்க என்றால் அந்தப் படகு இந்தப் பருவத்துக்கு அவசரப்பட வேண்டியதல்ல.

தட்டிப் பார்ப்பது

பழைய ஐந்து ரூபாய் நாணயமோ, ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியோ போதும். அடிப்பாகம் முழுக்க ஐந்து செ.மீ.க்கு ஒரு தட்டு. தேங்காய் பொறுக்குவது போலத்தான். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்கு பிரிந்த இடமும் ஈரம் இறங்கிய இடமும் மொத்தென்று அமுங்கும். சத்தம் மாறும் எல்லையை மார்க்கரால் சுற்றி வளையமிடுங்கள். உள்ளே சட்டம் இருக்கும் இடத்திலும் சத்தம் மாறும், ஆனால் அது நேர்கோட்டில் மாறும். பழுது இருக்கும் இடம் ஒழுங்கில்லாத வடிவில் மாறும்.

பழைய ஒட்டுகளை விடாமல் தட்டுங்கள். புது ஓட்டையை விடப் பழைய ஒட்டின் ஓரம்தான் அதிகம் விடும்.

உள்ளே தண்ணீர் ஊற்றிச் சோதிப்பது

வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தேடுவதைவிட, உள்ளிருந்து வெளியே விட்டுப் பிடிப்பது எளிது. ஆனால் படகு நிறைய ஊற்றக் கூடாது. ஆறு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு அடிப்பாகம் இருந்தால், பத்து செ.மீ. உயரத் தண்ணீரே 720 லிட்டர், 720 கிலோ. கடலில் அந்த எடையை வெளித்தண்ணீர் சுற்றிலும் தாங்கும். கரையில் நாலு டயர்தான் தாங்குகிறது. பத்து செ.மீ.க்கு மேல் போக வேண்டாம், அதுவும் தடுப்புக்குத் தடுப்பு ஒவ்வொரு பகுதியாக. ஊற்றும்போது அடியில் ஆள் இருக்க வேண்டாம்.

முதலில் வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஏரா ஓரத்திலும் நீங்கள் குறித்த இடங்களிலும் முகப்பவுடரோ நொறுக்கிய சாக்பீஸ் தூளோ தடவிவிடுங்கள். ஒரு துளி ஈரம் பட்டாலும் பவுடர் கறுத்துக் காட்டும். ஊற்றும் தண்ணீரில் வாளிக்கு நாலைந்து சொட்டு துணிக்குப் போடும் சொட்டு நீலம் விடுங்கள். வேர்வையா, பனித்துளியா, கசிவா என்ற சந்தேகம் தீரும்.

இரண்டு செ.மீ. ஊற்றி அரை மணி பொறுங்கள். பிறகு ஐந்து செ.மீ., மறுபடி அரை மணி. பிறகு பத்து. இப்படிப் படிப்படியாக ஏற்றுவதில்தான் சோதனையின் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு செ.மீ.யில் விடாத படகு ஐந்தில் விட ஆரம்பித்தால், உள்வாய், அதாவது உள்ளே தண்ணீர் நுழையும் இடம், அந்த இரண்டு உயரத்துக்கும் நடுவே இருக்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் இந்தத் தகவல் போய்விடும். ஃபைபரில் இது மிக முக்கியம். வெளியே சொட்டும் இடத்துக்கு நேர் உள்ளேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். பிரிந்த இரண்டு அடுக்குக்கு நடுவே தண்ணீர் ஓரடி, இரண்டடிகூட ஓடி வேறிடத்தில் தலைகாட்டும். வெளியே சொட்டு விழும் இடத்தைக் குறிப்பதோடு நிறுத்தாமல், சொட்டு வழிந்து வந்த தடத்தில் மேலே போய் நீலம் தொடங்கும் இடத்தைக் குறியுங்கள். மார்க்கரில் வெளிவாய்க்கு ஒரு நிறம், உள்வாய்க்கு ஒரு நிறம். இரண்டையும் கண்டுபிடித்த பிறகுதான் கிரைண்டரை எடுக்க வேண்டும்.

சில விரிசல் அசையாமல் இருக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கும். கடலில் படகு முறுக்கும்போதுதான் திறக்கும். அதனால் ஐந்து செ.மீ. தண்ணீர் இருக்கும்போதே இரண்டு பேர் படகின் எதிரெதிர் மூலையில் நின்று மாறி மாறிப் பாரத்தை மாற்றட்டும். ஒருவர் வெளியே, படகுக்கு அடியில் அல்ல பக்கவாட்டில், பவுடரைக் கவனிக்கட்டும். அப்போது மட்டும் கறுக்கும் கோடு இருந்தால் அதை மற்றவற்றைவிட முதலில் சரிசெய்ய வேண்டும்.

மேல்பக்கம்: குழாய் அடித்துப் பார்ப்பது

மேல்தளம், அடிப்பாகத்தோடு சேரும் இணைப்பு, பக்க விளிம்புப் பட்டை, கயிறு கட்டும் கட்டைகளின் போல்ட் இவற்றுக்கு வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். தோட்டக் குழாய் போதும். சர்வீஸ் ஸ்டேஷன் போல அழுத்தத்தில் அடித்தால் கடலில் என்றும் நடக்காத கசிவெல்லாம் வரும். ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்திருக்க, மற்றவர் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு மூன்றடிக்கும் ஐந்து நிமிடம் குழாய் பிடிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் வழிந்து கீழேயுள்ள இணைப்பில் நுழையும், எது குற்றவாளி என்று சொல்ல முடியாது.

மிதவைப் பெட்டி

படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் வைத்திருப்பது இந்தப் பெட்டிகள்தான். உள்ளே பெரும்பாலும் தெர்மாகோல் இருக்கும். மூடிய பெட்டி என்பதால் திறந்து பார்க்கும் வழக்கமே இல்லை.

ஒவ்வொரு பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில், உள்பக்கத்திலிருந்து, 8 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். அடிப்பாகத்தைத் துளைக்கக் கூடாது. பெட்டியின் பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டு செ.மீ. மேலே. ட்ரில் நுனியில் டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்தால் அளந்து எழுதுங்கள். வராவிட்டாலும் ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தெர்மாகோலைத் தொட்டு எடுங்கள். நுனி ஈரமாக வந்தால், வடியாத தண்ணீர் உருண்டைகளுக்கு நடுவே நிற்கிறது. அப்படி ஊறிய தெர்மாகோல் மூடிய பெட்டிக்குள் காயாது. மேல்மூடியை வெட்டி எடுத்து மாற்றுவதுதான் வழி.

காய்ந்திருந்தால் காற்றுச் சோதனை. இங்கேதான் பலர் பஞ்சர் கடை கம்ப்ரஸரைக் கொண்டுவந்து பெட்டியை வெடிக்க வைக்கிறார்கள். 0.1 பார் அழுத்தம் கேட்கச் சின்னதுதான், ஆனால் ஒரு சதுர மீட்டர் சுவரில் அது ஏறக்குறைய ஒரு டன் தள்ளு. நமக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு மீட்டர் நிறமற்ற பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப் போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை நீலத் தண்ணீர் விடுங்கள். ஒரு முனையைப் பெட்டித் துளையில் மெழுகு வைத்துப் பொருத்துங்கள். இன்னொரு சிறு துளை வழியாகச் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று அடியுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் ஐந்து செ.மீ. வித்தியாசம் வந்ததும் நிறுத்திக் காற்றுத் துளையை மூடுங்கள். பத்து நிமிடம் அந்த வித்தியாசம் நின்றால் பெட்டி உறுதி. இறங்கினால் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவுங்கள், குமிழி வரும் இடம்தான் வாய். இதை நிழலில் செய்யுங்கள். வெயில் ஏறினால் உள்ளே காற்று விரிந்து அழுத்தம் தானாகவே ஏறும், கசிவை மறைத்துவிடும்.

துளைகளை மூடும்போது ஒன்றை மட்டும் மரை பிளக் வைத்து மூடிவிடுங்கள். அடுத்த வருஷம் மறுபடி துளைக்க வேண்டியிருக்காது.

என்ஜின் மாட்டும் பின்பலகை

பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும், வெளியே இரண்டு பக்கமும் ஃபைபர். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் பிளைவுட்டுக்குள் போனால் உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. போல்ட்டைக் கழற்றித் துளையின் உள்சுவரை நகத்தால் குத்துங்கள். மரம் காய்ந்து கெட்டியாக இருந்தால் நல்லது. ஈரமாகக் கறுத்து மரத்தூள் வந்தால் மக்கிவிட்டது. என்ஜினை மாட்டி வைத்திருந்தால் அதன் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்துங்கள். பின்பலகை வளைந்து போல்ட் ஓரத்தில் தண்ணீர் கசிந்தாலும் அதே தீர்ப்பு.

மரம் நன்றாக இருந்தால் துளையை இப்படிப் பாதுகாக்கலாம். 12 மி.மீ. போல்ட் என்றால் துளையை 18 மி.மீ. ஆக்கி, காயவைத்து, கெட்டியாக்கிய எப்பாக்சிப் பசையால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் 12 மி.மீ. துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை. போல்ட் தலைக்கு அடியில் பாலியூரிதேன் சீலன்ட் வையுங்கள். சிலிக்கான் வேண்டாம். அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு ரெசினோ பெயின்டோ ஒட்டாது.

சரிசெய்வது

எம்-சீலை (பிசைந்து அடைக்கும் பசையை) அப்பிவிட்டுப் போகிற வழக்கத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நடுக்கடலில் கரை சேர அது உதவும், கையில் இருக்கட்டும். நிரந்தர வேலைக்கு அது தடை. எம்-சீல் எப்பாக்சி வகை, படகு பாலியெஸ்டர் ரெசின். பாலியெஸ்டர் மேல் எப்பாக்சி நன்றாக ஒட்டும். எப்பாக்சி மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டுவதில்லை. ஆகவே பழைய எம்-சீல், தார், சிலிக்கான் எது இருந்தாலும் வேரோடு சுரண்டி எடுத்த பிறகுதான் மேட் போட வேண்டும்.

விரிசல் முழுக்க மறையும்வரை கிரைண்டரில் 36 அல்லது 40 நம்பர் வட்டு போட்டு இழையுங்கள். ஓரம் செங்குத்தாக இருக்கக் கூடாது, தடிமனைப் போல் 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாக இறங்க வேண்டும். ஆறு மி.மீ. தடிமன் என்றால் இரண்டு பக்கமும் 72 மி.மீ. சாய்வு. பார்க்க வீணாகத் தோன்றும். சின்ன விரிசலுக்குக் கையகலம் இழைப்பதா என்று தோன்றும். ஒட்டு பிடிப்பதே அந்தச் சாய்வில்தான். முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் இழைக்காதீர்கள். கண்ணாடித் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது.

இழைத்த இடம் உள்ளுக்குள் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி வெயிலில் அரை நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் துளி கட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தின் மேல் போட்ட மேட் முதல் அலையிலேயே தோல் உரிவது போல உரியும்.

பத்து செ.மீ. நீள விரிசல், ஆறு மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய ஒரு மி.மீ. கொடுக்கும். ஆக ஆறு அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தையதைவிட எல்லாப் பக்கமும் ஒரு செ.மீ. பெரியதாக. மொத்த மேட் நூறு கிராமுக்குள். ரெசின், மேட்டின் எடையைப் போல் இரண்டரை மடங்கு, கால் கிலோ கலந்தால் சரியாக வரும். அடிப்பாகத்துக்கு ஐசோ ரெசின் வாங்குங்கள். சாதா ரெசினைவிட விலை கூடுதல், தண்ணீரைத் தாங்கும் சக்தியும் கூடுதல்.

நம் வெயிலில் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) ஒரு சதவீதம் போதும். 250 கிராம் ரெசினுக்குச் சுமார் 2.5 மி.லி., ஊசியில்லாத சிரிஞ்சில் அளக்கலாம். 'சீக்கிரம் இறுகட்டும்' என்று கூட்டினால் டப்பாவிலேயே கொதித்துப் புகையும். பெரும்பாலான ரெசினில் கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) ஏற்கெனவே கலந்திருக்கும், கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகக் கலக்க வேண்டியிருந்தால் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். ஒரே சிரிஞ்ச், ஒரே குவளைகூட இரண்டுக்கும் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மேட்டைப் பிரஷால் குத்திக் குத்தி நனைத்து, ரோலரால் காற்றை வெளியேற்றுங்கள். நனையாத இழை வெள்ளையாகத் தெரியும், நனைந்தது கண்ணாடி போலத் தெளியும். மூன்று அடுக்குக்குப் பிறகு நிறுத்திச் சூடு தணியவிட்டு மீதியைப் போடுங்கள். ஆறையும் ஒரேயடியாகப் போட்டால் வெளிப்படும் சூட்டிலேயே ஒட்டு முறுக்கிக்கொண்டு ஓரம் தூக்கும். பனி ஈரம் போன பிறகு, ஒன்பது மணிக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கீழே தெர்மாகோல் இருக்கும் இடத்தில் நேரடியாக ரெசின் படக் கூடாது. ரெசினில் உள்ள ஸ்டைரீன், தெர்மாகோலைச் சர்க்கரை போலக் கரைத்துக் குழியாக்கிவிடும். நடுவே பாலிதீன் தாள் வையுங்கள்.

கடைசியாக ஜெல்கோட். காற்றுப் பட்டால் அதன் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். மெழுகுக் கரைசல் கலந்த ஜெல்கோட் வாங்குங்கள், இல்லையென்றால் பூசியவுடன் பாலியெஸ்டர் தாளால் மூடிவிடுங்கள். ஒரு நாள் கழித்து அசிட்டோன் துணியால் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் இன்னும் இறுகவில்லை. இறுகிய பின் உப்புத்தாள் போட்டு, அந்தப் பகுதிக்கு மட்டும் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

முதல் இறக்கம்

நேரே கரையலையில் தள்ளி மீன்பிடிக்கப் போகாதீர்கள். பக்கத்தில் முகத்துவாரமோ மீன்பிடித் துறைமுகமோ இருந்தால் அங்கே, அமைதியான தண்ணீரில், வலையும் ஐஸும் இல்லாமல் இறக்குங்கள். அதற்குமுன் பிளக் போட்டதை ஒருவர் சொல்ல இன்னொருவர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். கரையில் கழற்றிய பிளக்கை என்ஜின் சாவிக் கயிற்றிலேயே கட்டி வைப்பது நல்ல பழக்கம். சாவியை எடுக்காமல் என்ஜின் கிளம்பாது, எடுத்தால் பிளக்கும் கையில் வரும்.

உள்பக்கத்தை ஸ்பாஞ்சால் ஒட்டத் துடைத்துவிட்டு அரை மணி மிதக்கவிடுங்கள். பிறகு மறுபடி ஸ்பாஞ்ச் போட்டு, பிழிந்ததை அளவுக் குவளையில் ஊற்றுங்கள். ஒன்றுமில்லை என்றால் நாலு பேரையும் மணல் மூட்டையையும் ஏற்றி, நீர்மட்டம் வழக்கமான உயரத்துக்கு வரச் செய்து இன்னொரு அரை மணி. அடுத்து என்ஜினை ஓட்டி, சின்ன அலையில் கால் மணி நேரம். இதில் எந்தக் கட்டத்தில் தண்ணீர் வருகிறது என்பதே இடத்தைச் சொல்லும். சும்மா மிதக்கும்போது வந்தால் அடிப்பாகம், பாரம் ஏறியதும் வந்தால் வெற்றுப் படகின் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பக்கச்சுவர், ஓடும்போது மட்டும் வந்தால் பின்பலகை அல்லது அணியம்.

இந்த ஓட்டத்தில் உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், இறைக்க இரண்டு வாளி, பழந்துணி, கூம்பாகச் செதுக்கிய நாலைந்து மரக்கட்டை, ஒரு பாக்கெட் எம்-சீல் கையோடு இருக்க வேண்டும்.

கரைக்குத் திரும்பியதும் படகு ஏறின கையோடு பிளக்கைக் கழற்றுங்கள். வந்த தண்ணீரை அளந்து, தேதியோடு விளிம்புப் பட்டையின் உள்பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை. 200 மி.லி. என்று இருந்தது 300, 400 என்று ஏறினால், மறுபடி டயரில் ஏற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது.